நகையும் வேலியும்: மாணவர் குறும்படங்களின் உட்குறிப்புகள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மூவர் கூடியிருக்கும் ஓரிடத்தில் இருவர் தமக்குள் மட்டும் அறிந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சிரிப்பராயின், மூன்றாமவரின் நிலை யாது? அவர் சிரிக்கவும் இயலாது, சிரியாதிருக்கவும் இயலாது. சிரித்தால் அது பொய்ச் சிரிப்பாகும். சிரியாதிருந்தால் தாம் அன்னியர் என்பதைத் தாமே ஒப்புக்கொண்டவராவார். சிறிது நேரத்தில், சிரிப்புக்குரிய பொருள் தாமேதானோ என்ற ஐயமும் அவர் உள்ளத்தில் எழும். நகை மனிதரை ஒன்றுசேர்க்கும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. ஆயின் ஒன்றுசேர்க்கும் எதுவும் எல்லையொன்றையும் வகுத்துவிடுகிறது. நகை ஒரு முற்றமாகவும் அமையலாம். ஒரு வேலியாகவும் அமையலாம்.

அன்றாட வாழ்வின் இச்சிறிய அனுபவம் ஒரு கலைப்படைப்பினுள் நிகழும்போது அது அறவியற் பிரச்சினையாக மாறுகிறது. பல்கலைக்கழக மாணவர் எடுக்கும் குறும்படங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். நண்பர் சிலர் கூடி, இரவல் வாங்கிய கமெராவுடனும் கைச்செலவுப் பணத்துடனும் ஒரு படத்தை ஆக்குகின்றனர். ஊதியம் எவருக்கும் இல்லை. எனவே தமக்கெனச் சில அடையாளங்களைப் படத்தினுள் விட்டுச்செல்கின்றனர். விடுதி அறையின் எண் ஒரு வாகனத்தின் இலக்கத்தகட்டில் தோன்றும். நண்பனின் பட்டப்பெயர் கடையொன்றின் பெயர்ப்பலகையில் ஏறும். விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி சொல்லும் தொடர் கதாபாத்திரத்தின் வாயில் வரும். இயக்குநரே வழிப்போக்கராகக் காட்சியைக் கடந்து செல்வார். படம் முடிந்தபின் திரைக்குப் பின்னால் நிகழ்ந்தவை பற்றிய கதைகள் பரிமாறப்படும்.

பலர் காண்பதற்கென ஆக்கப்பட்ட ஒரு படத்தில் சிலர் மட்டும் அறியக்கூடிய நகை இடம்பெறுதல் தகுமா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வினாவாகவே தோன்றாது. எனினும் இதன் பின்னே பெரிய வினாக்கள் இரண்டு மறைந்து நிற்கின்றன. ஒரு படைப்பு யாருக்குரியது என்பது ஒன்று. பிறருடைய முகத்தையும் மண்ணையும் துயரையும் கடன்பெற்றுப் படைப்போர், அக்கடனை எவ்வாறு திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்வழக்கத்தின் உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒரு மாணவர் குறும்படத்திலிருந்தே பிறந்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜோர்ஜ் லூக்காஸ் 1967ஆம் ஆண்டில் ஏறத்தாழப் பதினைந்து நிமிட நேரப் படம் ஒன்றை எடுத்தார். அதன் நாயகனுக்குப் பெயர் இல்லை. ‘ரி.எச்.எக்ஸ். 1138’ என்னும் எழுத்தும் எண்ணுமே அவனுடைய அடையாளம். எங்கும் கமெராக்கள் கண்காணிக்கும் நிலத்தடி நகரமொன்றிலிருந்து அவன் தப்பி ஓடுவதே கதை. 1971இல் லூக்காஸ் இதையே முழுநீளப் படமாக விரித்தார். அதன்பின் அந்த எண் அவருடைய படங்களில் ஒரு விளையாட்டுக் குறியாயிற்று. 1973இல் வெளிவந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’யில் அது சிறிது திரிந்து ஒரு காரின் இலக்கத்தகடாயிற்று. 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தில் சிறைக்கூடப் பகுதி ஒன்றின் எண்ணாக அது உரையாடலில் வந்துபோயிற்று. அறிந்தவர் புன்னகைத்தனர், அறியாதவர்க்கு அது ஒரு வெறும் எண்.

கலிபோர்னியக் கலை நிறுவகத்தில் உயிரூட்டற் படக்கலை பயின்ற மாணவரின் வகுப்பறை எண் ‘ஏ113’. அங்கே பயின்றோர் பின்னர்ப் புகழ்பெற்ற இயக்குநர்களாயினர். தம் மாணவப் பருவத்தின் நினைவாக அவ்வெண்ணைத் தம் படங்களிற் பொதிந்தனர். 1995இல் வெளிவந்த ‘டோய் ஸ்டோரி’யிலே சிறுவனின் தாயார் ஓட்டும் வாகனத்தின் இலக்கத்தகட்டில் அது காணப்படுகிறது. இது ஒரு வகுப்பறைக்குச் செலுத்தப்பட்ட நன்றி. இதனால் எவர்க்கும் தீங்கில்லை. படத்தின் பொருளை உணர்வதற்கு அவ்வெண்ணை அறிந்திருத்தல் வேண்டியதுமில்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டு சற்று வேறானது. 1951இல் வெளிவந்த ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ என்ற அமெரிக்கப் படத்தில் சதுப்பு நிலத்தைக் கடக்கும் வீரன் ஒருவனை முதலை பற்றி நீருக்குள் இழுக்கிறது. அவனுடைய அலறல் ஒலிப்பதிவாகச் சேமித்து வைக்கப்பட்டு, பின்னர்ப் பல படங்களிற் பயன்படுத்தப்பட்டது. ஒலி வடிவமைப்பாளர் பென் பேர்ட் அதனைத் தேடியெடுத்து, 1953ஆம் ஆண்டுப் படமொன்றில் அவ்வாறு அலறும் பாத்திரத்தின் பெயரால் ‘வில்ஹெல்ம் அலறல்’ எனப் பெயரிட்டு, ‘ஸ்டார் வோர்ஸ்’ முதலான படங்களிற் சேர்த்தார். இன்று அது ஒலிக்கலைஞரிடையே நெடுநாள் நிலைத்த வேடிக்கை. ஒருவனுடைய மரண ஓலம், கேட்டவுடன் சிரிப்பை வரவழைக்கும் குறியாகிவிட்டது. அது நடிகனின் போலி ஓலமே. ஆதலால் குற்றமில்லை எனலாம். அவ்வாறாயின், ஓலம் போலியாக இல்லாதவிடத்து என் செய்வது? கைதியை அழைக்கும் எண் கற்பனையாக இல்லாதவிடத்து என் செய்வது? இவ்வினாவை மனத்திற் கொண்டு நமது மரபையும் நமது மண்ணையும் நோக்குதல் வேண்டும்.

மறைத்துக் கூறுதல் தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. உள்ளுறை உவமத்தைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்துள்ளது. மருதத்திணைப் பாடல்களில் வயலிற் புகுந்து மேயும் எருமை வெறும் எருமையாக நிற்பதில்லை. பரத்தையரை நாடிச் செல்லும் தலைவனை அது குறிப்பாற் சுட்டும். தலைவியின் மனக்குறை இவ்வாறு சொல்லப்படாமலே சொல்லப்படுகிறது. இங்கும் உட்பொருள் உண்டு. அதை உணர்வார் உணராதார் என்ற வேறுபாடும் உண்டு. ஆயினும் உள்ளுறையைத் திறக்கும் திறவுகோல் பொதுவிடத்தில் வைக்கப்பட்டுள்ளது. திணை மரபைக் கற்பவர் எவராயினும் அதை எடுத்துத் திறக்கலாம். நண்பர் குழுவின் நகைக்குரிய திறவுகோல் அக்குழுவினரின் சட்டைப்பையில் இருக்கிறது. எத்துணை நுண்ணுணர்வு உடைய பார்வையாளரும் தம் முயற்சியால் அதைப் பெற இயலாது. உள்ளுறை பார்வையாளரை உள்ளே அழைக்கிறது. உட்குழு நகை, உள்ளே இருப்பவரைக் கணக்கெடுக்கிறது.

கூத்து மரபை நோக்கின் வேறுபாடு மேலும் தெளிவாகும். மட்டக்களப்பில் ஒரு கூத்து அரங்கேறுமுன் சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் பல படிகள் நிகழும். பல மாதங்கள் நீடிக்கும் இப்பயிற்சியை ஊரவர் வந்து பார்ப்பர். யார் எந்த அடவைப் பிழைத்தார், அண்ணாவியார் யாரைக் கடிந்தார் என்பன யாவும் ஊரறிந்த செய்திகள். முல்லைத்தீவில் வழங்கும் கோவலன் கூத்தாயினும் சரி, வேறெந்த ஊர்க்கூத்தாயினும் சரி, ஆடுவோரும் காண்போரும் ஒரே ஊரார். அரசனாக வருபவர் பகலில் வயலில் நின்றவர் என்பதை எல்லாரும் அறிவர். ஆகவே களரியில் ஒருவரது முடி சரிந்தால் எழும் சிரிப்பு ஊர் முழுவதன் சிரிப்பு. அங்கே திரைக்குப் பின்னால் என்று தனியே ஓர் உலகம் இல்லை. உட்குறிப்பு உண்டு, புறத்தே நிற்பார் இல்லை.

கமெரா இந்த ஒற்றுமையைப் பிரித்தது. படம் ஓரிடத்தில் எடுக்கப்பட்டு வேறோரிடத்தில் காட்டப்படுகிறது. நடித்தவர் பார்ப்பதில்லை, பார்ப்பவர் நடித்தவரை அறிவதில்லை. நடுவே நிற்கும் படைப்பாளியின் கையில் மட்டுமே இரு கரைகளும் உள்ளன. கூத்தில் இயல்பாக இருந்த பொதுமை, திரைப்படத்தில் முயன்று ஆக்கப்படவேண்டிய ஒன்றாகிறது. உட்குழு நகை பற்றிய அறவினா கூத்துக்கு எழாமல் குறும்படத்துக்கு எழுவதன் காரணம் இதுவே.

படைப்பாளி தன் படைப்பில் தன் அடையாளத்தை வைக்கலாமா என்ற வினாவும் இதனோடு தொடர்புடையது. கொழும்பிலே 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மரபுவழிக் கலையில் கலைஞன் தன் பெயரை முன்னிறுத்துவதில்லை என்பதைத் தம் நூல்களில் வலியுறுத்தினார். ஆக்கப்பட்ட பொருளின் பயனே முக்கியம். ஆக்கியவனின் தனித்தன்மை முக்கியமன்று என்பது அவர் கொள்கை. மறுபுறம், 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டு, அதனைக் கட்டிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரைப் பொறித்துள்ளது. ஒன்று பெயரைத் துறக்கிறது. மற்றொன்று பெயரை வெளிப்படையாக எழுதுகிறது. எழுத்தறிந்த எவரும் வாசிக்கக்கூடிய இடத்திலே அப்பெயர் நிற்கிறது. பெயரை மறைத்து வைத்து, அறிந்தவர் மட்டும் கண்டு மகிழ்க என்பது இவ்விரு நிலைகளுக்கும் புறம்பான மூன்றாவது நிலை.

ஆனந்த குமாரசுவாமியின் பெயர் இங்கே குறிப்பிடப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வவுனியா மாவட்டத்திலுள்ள செட்டிகுளம் குளங்களையும் வயல்களையும் கொண்ட விவசாயப் பிரதேசம். மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் ரயில் பாதையில் அது ஒரு நிலையம். 1990இல் போரினால் நின்றுபோன அப்பாதையின் சேவை 2013இல் மடு வீதி வரை மீண்டது. 2009இல் இறுதிப் போரிலிருந்து வெளியேறிய மக்கள் செட்டிகுளத்தின் மெனிக் பாம் நலன்புரி நிலையத்தில் முட்கம்பி வேலிக்குள் தங்கவைக்கப்பட்டனர். உச்ச நிலையில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்தனர். நிலையம் வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவ்வலயங்களுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் எனப் பெயரிடப்பட்டது. கலையின் பொதுமையைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதிய அறிஞரின் பெயர் ஒரு வேலியடைப்பின் பெயராயிற்று. அங்கே வாழ்ந்தோரை வினவி அப்பெயர்கள் இடப்படவில்லை. நிலையம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது.

அவ்விடத்தைப் பல கமெராக்கள் கண்டுள்ளன. ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் பான் கீ மூன் 2009 மே 23இல் அங்கு வந்தபோது உலகச் செய்தியாளரின் கமெராக்களும் உடன் வந்தன. வேலிக்கு அப்பால் நின்ற முகங்கள் உலகெங்கும் அச்சாயின. அம்முகங்களுக்குரியோர் தம் படங்களைப் பார்த்தனரா, அவற்றின் கீழ் என்ன எழுதப்பட்டது என அறிந்தனரா என்பதைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே செட்டிகுளத்துக்குக் கமெராவுடன் செல்லும் எவரும், ஏற்கெனவே கடன்பட்ட ஒரு தொழிலின் வாரிசாகவே செல்கின்றனர்.

அவ்வாறு ஒரு மாணவர் குழு அங்கே குறும்படம் எடுக்கச் செல்கிறது எனக் கொள்ளலாம். பின்வருவன சிந்தனைக்கெனக் கற்பிக்கப்பட்டவை. முகாமிற் பிறந்த பெண்ணொருத்தி பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் தான் பிறந்த இடத்தைக் காண வருகிறாள் என்பது கதை. படக்குழுவினர் நான்கு உட்குறிப்புகளை அதிற் பொதிகின்றனர். முதலாவது, அவள் வந்திறங்கும் முச்சக்கர வண்டியின் இலக்கத்தகட்டில் தம் விடுதி அறை எண்ணை எழுதுகின்றனர். இரண்டாவது, ஊரிலுள்ள தேநீர்க்கடையின் பெயர்ப்பலகையை மறைத்து, நண்பனின் பட்டப்பெயரைத் தாங்கிய பலகையை மாட்டுகின்றனர். மூன்றாவது, கடந்தகாலக் காட்சிக்கெனக் கட்டிய கூடாரத்தின்மீது அதே அறை எண்ணை எழுதுகின்றனர். நான்காவது சற்று விரித்துரைக்க வேண்டியது.

பேத்தியை வரவேற்கும் பாட்டியாக நடிக்க அவ்வூர் மூதாட்டி ஒருவர் இசைகிறார். பேத்தியைப் பெயர் சொல்லி அழைப்பதே அவருக்குரிய வசனம். அவரோ கதையில் உள்ள பெயரை விட்டு வேறொரு பெயரையே சொல்கிறார். திருத்துகின்றனர், மீண்டும் அப்பெயரே வருகிறது. ஏழாம் முறையும் அப்பெயரே. கமெராவின் பின்னால் நிற்போர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கின்றனர். அன்றிலிருந்து அப்பெயர் குழுவினர் ஒருவரையொருவர் அழைக்கும் விளிச்சொல்லாகிறது. படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போது, பிழைத்த காட்சிகளின் தொகுப்பாக மூதாட்டி அப்பெயரை மீண்டும் மீண்டும் அழைப்பது சேர்க்கப்படுகிறது. மண்டபம் சிரிக்கிறது.

இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. முச்சக்கர வண்டியின் எண்ணால் எவர்க்கும் இழப்பில்லை. அது ‘ஏ113’ போன்றது. தேநீர்க்கடையின் பலகை அக்கடைக்காரரைப் பொறுத்தது. அவரிடம் சொல்லி, அவரும் சிரித்து இசைந்திருப்பாராயின் அவரும் உள்ளே சேர்க்கப்பட்டவரே. சொல்லாமல் மாற்றியிருந்தால், தம் உழைப்பாற் பெற்ற பெயரை ஒரு நாளேனும் இழந்தவராவார். கூடாரத்தின் எண்ணோ அவ்வாறு எளிதில் விடத்தக்கதன்று. வலயமும் பிரிவும் எண்ணுமே முகவரியாக வாழ்ந்தவர்க்கு அவ்வெண் ஒரு நாளின் நினைவன்று. மாதங்களின், சிலர்க்கு ஆண்டுகளின் நினைவு. உறவினரைத் தேடியவர் அவ்வெண்ணைக் கொண்டே தேடினர். அதே வண்டியில் அழகாக இருந்த விளையாட்டு, கூடாரத்தில் ஏறியதும் விளையாட்டாக இல்லாமற் போகிறது. எண் ஒன்றே, அது எழுதப்பட்ட இடமே வேறு. லூக்காசின் கற்பனைக் கைதியின் எண் கார் ஒன்றுக்கு மாறியபோது எவரும் வருந்தவில்லை. ஏனெனில் அவ்வெண்ணைத் தாங்கிய மனிதர் எவரும் உலகில் இருந்ததில்லை.

நான்காவதைப் பற்றிப் படக்குழுவினர் ஒரு வினாவையே எழுப்பத் தவறினர்: அப்பெயர் யாருடையது? ஏழு முறை திருத்தியும் மாறாத ஒரு பெயர் நாவின் பிழையாக இருத்தல் அரிது. ஒருவேளை அது அவருடைய உண்மையான பேத்தியின் பெயராக இருக்கலாம். ஒருவேளை வெறும் மறதியாகவும் இருக்கலாம். எதுவாயினும் வினவி அறிந்தபின்னரே சிரிப்பதா அமைவதா எனத் தீர்மானித்திருக்க முடியும். அவர்கள் வினவவில்லை. தாம் உள்ளே இருப்பதாகவும் மூதாட்டி வெளியே நிற்பதாகவும் எண்ணிச் சிரித்தனர். உண்மை தலைகீழானது. அப்பெயரின் பொருளை அறிந்தவர் அங்கே ஒருவரே. கமெராவின் பின்னால் நின்ற அனைவரும் புறத்தவர்.

நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் நான்கு. எள்ளல் அவற்றுள் ஒன்று, பேதைமை மற்றொன்று. நகை தன்னிடத்தும் பிறக்கும், பிறரிடத்தும் பிறக்கும் என உரைகாரர் பகுப்பர். இப்பகுப்பு இங்குப் பெரிதும் பயன்படும். தன் பேதைமையைக் கண்டு தானே சிரிப்பவன் வேலி கட்டுவதில்லை; மாறாகக் கதவைத் திறக்கிறான். இயக்குநர் சேற்றில் வழுக்கி விழுந்ததைப் படத்தின் இறுதியிற் காட்டலாம். மூதாட்டியின் தடுமாற்றத்தைக் காட்டுதல் வேறு. முன்னதில் சிரிப்பின் விலையைச் சிரிப்பவனே கொடுக்கிறான். பின்னதில் அவ்விலை பிறர் ஒருவரிடம், அவர் அறியாமலே அறவிடப்படுகிறது.

இக்கருத்துக்கு மறுப்புகள் எழுதல் இயல்பு. கலை விளையாட்டிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு குறிக்கும் அறத்தின் முத்திரை வேண்டுமெனின் விளையாட்டே அழியும் என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. வெயிலில் நின்று, பசித்து, பணமின்றி உழைக்கும் இளைஞர்க்குச் சிரிப்பே கூலி. துயரத்தை நாள்தோறும் தொடும் வைத்தியசாலை ஊழியரும் மயானத் தொழிலாளரும் தமக்குள் வேடிக்கை பேசுவர். அது துயரை இகழ்தலன்று. துயரைத் தாங்கும் வழி. ஆயின் அவர்கள் தம் வேடிக்கையைப் பிணத்தின்மீது எழுதி வைப்பதில்லை. படப்பிடிப்பின் இடைவேளையிற் சிரிப்பது வேறு. அச்சிரிப்பைப் படத்தினுள் பதித்துப் பலர்முன் வைப்பது வேறு. முன்னது உழைப்போரின் உரிமை. பின்னது படைப்பாளியின் தேர்வு. தேர்வுக்குப் பொறுப்பு உண்டு.

நகைக்குரியவரின் இசைவைப் பெற்றே நகைக்க வேண்டுமெனின் அங்கதமே இல்லாதொழியும் என்பது இரண்டாம் மறுப்பு. அதிகாரத்திலிருப்போர் தம்மை எள்ளுவதற்கு இசைவதில்லை. ஆயினும் எள்ளல் வேண்டும். இம்மறுப்பும் வலிமையுடையதே. எனினும் அங்கதத்துக்கும் உட்குழு நகைக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. அங்கதம் விளங்கிக்கொள்ளப்பட விரும்புகிறது. விளங்காவிடின் அது தோற்றது. அடக்குமுறைக் காலங்களில் அங்கதம் மறைபொருளாக வருவதும் உண்டு. அப்போது அது வலியோரின் செவியிலிருந்து மறைக்கப்படுகிறது. எளியோர்க்கு விளங்கும்படி அமைக்கப்படுகிறது. ஆகவே ஒரு நகை மறைவானதா என்பது மட்டும் வினாவன்று. அது யாரிடமிருந்து மறைக்கப்படுகிறது என்பதே வினா. எளியோரைக் காக்க மறைத்தல் கவசம். எளியோரிடமிருந்தே மறைத்தல் களவு.

படைப்பின் பின்புலச் செய்திகளை அறிதல் பார்வையாளரின் ஈடுபாட்டைப் பெருக்கும். அதை ஏன் குறைகூற வேண்டும் என்பது மூன்றாம் மறுப்பு. குறைகூற வேண்டியதில்லை, எத்தகைய செய்திகள் என்று மட்டும் நோக்க வேண்டும். சத்யஜித் ராய் 1955இல் வெளியிட்ட ‘பதேர் பாஞ்சாலி’, மாணவர் படமன்று. எனினும் பெரும்பாலும் புதியவர்களின் படம். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அதற்குமுன் திரைப்படக் கமெராவை இயக்கியவரல்லர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. 1952இல் நாணற்பூ வெளியில் முதற்காட்சி எடுக்கப்பட்டது. அடுத்த கிழமை குழுவினர் திரும்பிச் சென்றபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. காட்சியை முடிக்க அடுத்த பூக்காலம் வரை காத்திருக்க நேர்ந்தது. இனிப்பு விற்பவராக நடித்தவர் இடையில் இறந்துவிட, அவரையொத்த உடலமைப்புள்ள ஒருவர் முதுகு மட்டும் தெரிய நடித்து முடித்தார். முதிய அத்தையாக நடித்த சுனிபாலா தேவி படம் வெளிவருமுன் காலமானார்.

இவையும் திரைக்குப் பின்னாலுள்ள செய்திகளே. ஒருவகையிற் சிரிப்புக்கும் உரியன. ஆயின் இவற்றை அறிந்தவர் அறியாதவரை விட உயர்ந்தவர் என்ற எண்ணம் எழுவதில்லை. மாடுகளின் பசிமுன் கலைஞன் காத்து நின்றான் என்பது கலைஞனையே சிறிது தாழ்த்திக் காட்டுகிறது. இனிப்பு விற்பவரின் கதை இறந்த ஒருவரைப் படத்தினுள் நினைவாக நிறுத்துகிறது. நல்ல பின்புலச் செய்தி என்பது இதுவே: படைப்பு எத்தனை பேருக்குக் கடன்பட்டது என்பதைச் சொல்வது. மாணவர் குறும்படங்களின் கதைகளில், கமெரா பழுதானதும் மழை குழப்பியதும் மறவாமற் கூறப்படும். யாருடைய முற்றத்தில் படம் எடுக்கப்பட்டது, பகலுணவு யாருடைய அடுப்பில் வெந்தது, யாருடைய வயல் வேலை அன்று நின்றது என்பன பெரும்பாலும் கூறப்படுவதில்லை. கூறப்படாத அச்செய்திகளே உண்மையான பின்புலம்.

இன்னொன்றும் கருதற்பாலது. துயருற்ற மக்களிடமும் அவர்க்கே உரிய நகை உண்டு. வரிசையில் நின்ற நாட்களைப் பற்றியும், ஒரே வாளியைப் பலர் பங்கிட்டதைப் பற்றியும், இடப்பட்ட பெயர்களைப் பற்றியும் அம்மக்கள் தமக்குள் பேசிச் சிரித்தல் கூடும். அச்சிரிப்பின் திறவுகோல் வெளியிலிருந்து செல்வோரிடம் இல்லை. அதை அவர்கள் தாமே தந்தால் பெற்றுக்கொள்ளலாம். தராவிடின் கேட்டு நிற்றலும் தகாது. கமெராவுடன் சென்றவர் தம் அறியாமையை அங்கே பொறுமையுடன் ஏற்றல் வேண்டும். மூன்றாமவராக அமர்ந்திருத்தல் எத்தகையது என்பதை அப்போதுதான் அவர் உணர்வார். அவ்வுணர்வு ஒருமுறை வந்துவிடின், பிறரை அந்நிலையில் இருத்த அவர் எளிதில் துணியார்.

இவற்றால் பெறப்படும் அளவுகோல் எளியது. ஓர் உட்குறிப்பைப் படத்திற் சேர்க்குமுன், அப்படத்தில் தோன்றும் மனிதரின் எதிரே அமர்ந்து, அதன் பொருளை முகத்துக்கு நேரே விளக்க இயலுமா? விளக்கியபின் அவரும் சேர்ந்து சிரிப்பாரா? இயலுமெனின் அது முற்றத்து நகை, சேர்த்துக்கொள்ளலாம். விளக்குமுன்னரே நா தயங்குமெனின் அது வேலி, நீக்கிவிடலே தகும். தயக்கத்தைக் காட்டிலும் நல்ல தணிக்கையாளர் இல்லை. இவ்வளவுகோல் எண்களுக்கும் பெயர்களுக்கும் மட்டுமன்றி, பிறர் வாழ்வை எடுத்தாளும் ஆய்வுக்கும் எழுத்துக்கும் பொருந்தும். களஆய்வுக்குச் சென்று திரும்பிய மாணவர் விடுதியில் அமர்ந்து கூறும் வேடிக்கைக் கதைகளையும் இதே அளவுகோலால் அளக்கலாம்.

இதற்கு ஒரு நடைமுறை வழியும் உண்டு. செட்டிகுளத்தில் எடுத்த படம் முதலிற் செட்டிகுளத்திலேயே காட்டப்பட வேண்டும். பல்கலைக்கழக மண்டபமும் விழாப் பரிசும் அதன்பின் வரட்டும். பொது மண்டபத்தில் வெள்ளைத்துணி கட்டி, தேநீர்க்கடைக்காரரும் முச்சக்கர வண்டிக்காரரும் மூதாட்டியும் முன்வரிசையில் அமர, படக்குழுவினர் அவர்களுக்கு நடுவே அமரட்டும். தம் கடையைத் திரையிற் கண்டு ஒருவர் கூவுவார். பலகையிலுள்ள பெயரைக் கண்டு எல்லாரும் சிரிப்பர். கமெராவால் பிரிந்த ஆடுவோரும் காண்போரும் அன்றிரவு மீண்டும் ஒரே ஊராராவர். அவ்வாறு அமரவேண்டியிருக்கும் என்பதை முன்னரே அறிந்த குழு, கூடாரத்தில் அந்த எண்ணை எழுதாது. மூதாட்டி ஏழாம் முறையும் அதே பெயரைச் சொல்லும்போது கமெராவை நிறுத்திவிட்டு, அவர் அருகே சென்று, “ஆரம்மா அது?” என்று கேட்கும். அவர் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். அவர் இசைந்தால், கதையின் பேத்திக்கு அப்பெயரையே சூட்டிவிடலாம். அப்பெயரின் பொருள் மண்டபத்திலுள்ளோர் பலர்க்குத் தெரியாமற் போகலாம். அவருக்குத் தெரியும், அவருக்கென வைக்கப்பட்டது என்பதும் தெரியும். உட்குறிப்பு என ஒன்று படத்தில் இருக்கத்தான் வேண்டுமெனின், அது அதுவாக இருக்கட்டும்.